விவிடி கியர் மாற்றும் முன்னும் மாற்றும்போதும்: கேள்வி பதில்

சிறிய பெட்ரோல் கார்களில் வால்வுகள் திறக்கும் நேரத்தை ஓட்டத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் ஆக்சுவேட்டர் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். பட்டறைகளில் இதை ‘விவிடி கியர்’ என்பார்கள்; விவிடி என்பது ‘வேரியபிள் வால்வ் டைமிங்’ என்பதன் சுருக்கம். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்டின் முனையில், டைமிங் செயின் ஓடும் பற்சக்கரத்தோடு ஒரே உறுப்பாக இது இருக்கும். 2010-இல் வந்த 1.2 லிட்டர் ஐ10, 2011-இல் வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல் ஆகியவற்றைப் போன்ற, செயினால் இயங்கும் நான்கு சிலிண்டர் எஞ்சின்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். போல்ட்டுகளை இறுக்க வேண்டிய முறுக்கு அளவுகள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால் அவற்றை உங்கள் வண்டிக்கு உரிய சர்வீஸ் மேனுவலில்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஐயா, காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு மூன்று விநாடி ‘கடகட’வென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. விவிடி கியர் போய்விட்டது என்கிறார்கள். உண்மையா?

இருக்கலாம், ஆனால் அதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கியரின் வெளிக்கூட்டைச் செயின் சுற்றுகிறது; உள்ளே, இறக்கை போன்ற தகடுகளைக் கொண்ட ரோட்டார் கேம்ஷாஃப்டோடு போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கிறது. தகடுகளின் ஒரு பக்க அறைக்கு ஆயில் அழுத்தத்தோடு சென்றால் ரோட்டார் சற்று முன்னே நகர்ந்து, காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வுகள் சீக்கிரம் திறக்கும். மறுபக்க அறைக்குச் சென்றால் அது பின்னே வரும். எஞ்சின் நின்றிருக்கும்போது ஆயில் அழுத்தம் இராது என்பதால், ரோட்டார் கடைசிப் பின்நிலைக்கு வந்ததும் ஸ்பிரிங் தள்ளும் ஒரு சிறு பூட்டு ஊசி குழியில் இறங்கி இரண்டையும் பூட்டிவிடுகிறது. அந்த ஊசியோ குழியின் விளிம்போ தேய்ந்துவிட்டால், மறுநாள் காலையில் ஆயில் மேலே ஏறும்வரை ரோட்டார் கூட்டுக்குள் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டிருக்கும்.

ஆனால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் பெரும்பாலும் ஆயில் அழுத்தத்தால்தான் இயங்குகிறது. அது தளர்ந்தாலும் கிட்டத்தட்ட இதே சத்தம்தான் கேட்கும். ஆயில் ஃபில்டருக்குள் இருக்கும், ஆயில் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு கெட்டிருந்தாலும் இதேதான். எனவே ஆயிலையும் நல்ல ஃபில்டரையும் மாற்றிவிட்டு நான்கைந்து காலைகள் கேளுங்கள். சத்தம் போகவில்லையென்றால், கூலிச் செலவு ஒன்றே என்பதால், கியர், டென்ஷனர் இரண்டையும் சேர்த்தே பார்ப்பது நல்லது.

கேள்வி: செக் எஞ்சின் விளக்கு எரிகிறது; ஸ்கேனரில் பி0011 வருகிறது. சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிறது. கியரை மாற்றச் சொல்லிவிட்டார்கள். வேறு சோதனை ஏதும் உண்டா?

கட்டாயம் உண்டு, அவற்றைச் செய்யாமல் கியரை மாற்றச் சம்மதிக்காதீர்கள். இன்டேக் கேம்ஷாஃப்ட் கம்ப்யூட்டர் கேட்ட அளவைவிட முன்னே போய் நிற்கிறது என்பதுதான் அந்தக் கோடின் பொருள். எதனால் அப்படி நிற்கிறது என்று அது சொல்லாது. ஐட்லிங்கில் கேம் முன்னே நின்றால், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறந்து, எரிந்த புகை சிலிண்டரிலேயே தங்கிவிடும். நீங்கள் உணரும் நடுக்கம் அதனால் வருவதே.

முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயிலின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். அடுத்தது ஆயில் கண்ட்ரோல் வால்வு. சிலிண்டர் ஹெட்டிலோ அதன் அருகிலோ, பெரும்பாலும் ஒரே ஒரு போல்ட்டில் நிற்கும், மின்சாரத்தால் இயங்கும் இந்தச் சோலனாய்டு வால்வுதான் எந்த அறைக்கு ஆயில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மல்டிமீட்டரில் இதன் காயில் பல வண்டிகளில் சுமார் 7 ஓம் காட்டும். திறந்த சர்க்யூட் என்றோ பூஜ்யத்துக்கு அருகிலோ காட்டினால் வால்வு கெட்டுவிட்டது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு 12 வோல்ட்டை ஓரிரு விநாடி மட்டும் கொடுத்துப் பாருங்கள். பக்கத் துளைகளின் வழியே பார்த்தால், உள்ளே இருக்கும் ஸ்பூல் என்ற உருளைத் துண்டு டக்கென்று நகர்ந்து, மின்சாரத்தை எடுத்ததும் முழுவதுமாகத் திரும்ப வேண்டும். பாதியில் தயங்கி நின்றால் நீங்கள் தேடியது கிடைத்துவிட்டது. அதிக நேரம் நேரடியாக மின்சாரம் கொடுத்தால் காயில் கருகிவிடும்.

எங்கள் பட்டறைக்கு ஒரு வண்டி இதே கோடோடு, புதிய கியர் போட்ட பிறகும், வந்தது. வால்வைக் கழற்றி அதன் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்தபோது, நெல்மணி அளவுள்ள காய்ந்த சிலிக்கான் துணுக்கு ஒன்று குறுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. முன்பு, செயினை மூடியிருக்கும் டைமிங் கவரை மாட்டியவர் பழைய சீலன்ட்டைச் சரியாகச் சுரண்டி எடுக்காததன் விளைவு அது. சல்லடையைக் கழுவி மாட்டியதும் விளக்கு மீண்டும் எரியவில்லை. அந்த உரிமையாளர் முதல் முறை செலவழித்த பணத்தை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

வால்வு நன்றாக இருந்தால் கடைசிச் சோதனையாக, எஞ்சின் சூடேறி ஐட்லிங்கில் ஓடும்போது வால்வுக்கு மட்டும் 12 வோல்ட்டைச் சில விநாடி கொடுங்கள். கியர் நகரும் நிலையில் இருந்தால் எஞ்சின் தடுமாறும், அல்லது நின்றே போகும்; மின்சாரத்தை எடுத்ததும் ஐட்லிங் சீராக வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால், ஆயில் வழியில் அடைப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டபின் கியரைச் சந்தேகிக்கலாம்.

கேள்வி: வண்டி பழையது என்பதால் கெட்டியான 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றுகிறேன். இதற்கும் விவிடிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் கியருக்கு ஆயில் வழவழப்பு மட்டும் தரவில்லை, அதை நகர்த்தும் கையும் அதுவேதான். மெல்லிய ஆயிலுக்கென்று வடிவமைத்த குறுகிய துளைகளில் கெட்டி ஆயில் தாமதமாகத்தான் செல்லும். உரிமையாளர் கையேட்டில் உள்ள தரத்துக்கே திரும்புங்கள்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய கியர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

கதவு, கண்ணாடி, விளக்கு ஆகியவற்றுக்குப் புதுப்பேட்டைக்குப் போங்கள், இதற்கு வேண்டாம். பூட்டு ஊசியின் தேய்மானத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது, அதைப் பார்ப்பதற்காகக் கியரைப் பிரிக்கவும் கூடாது.

கேள்வி: நானே மாற்ற விரும்புகிறேன். டைமிங் கவரைத் திறக்காமல், செயினைக் கேபிள் டையால் கட்டிவிட்டு மேலிருந்தே கியரை எடுக்கலாம் என்கிறார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

சில எஞ்சின்களில் அது முடியும். ஆனால் கியரை எடுத்ததும் செயின் தளர, டென்ஷனரின் பிளஞ்சர் ஒரு பல் வெளியே வந்து பூட்டிக்கொண்டால், புதிய கியரை உள்ளே நுழைக்கவே முடியாமல் போகும். செயின் கைடுகளையும் பார்க்க முடியாது. முதன்முறை செய்பவர் கவரைத் திறந்து செய்வதே நல்லது என்பது என் கருத்து.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசிக்கு (வால்வுகள் மூடிய நிலையில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடம்) கொண்டுவந்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கிலும் இரண்டு கேம்களிலும் உள்ள குறிகள் மேனுவலில் சொன்ன இடத்தில் நிற்பதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் மவுண்டைக் கழற்றும் முன் ஆயில் சம்பின் கீழே மரப்பலகை வைத்து ஜாக்கால் தாங்கிப் பிடிக்க வேண்டும். கவரைத் திறந்ததும் டென்ஷனரைப் பின்னே தள்ளி, துளையில் ஊசியைச் செருகிப் பூட்டிவிட்டுச் செயினை எடுங்கள்.

கியரின் நடுப் போல்ட்டைத் தளர்த்தும்போது கேம்ஷாஃப்டை அதிலேயே உள்ள அறுகோணப் பகுதியில் ஸ்பேனர் போட்டுப் பிடிக்க வேண்டும். செயினையோ கியரின் பற்களையோ பிடித்துக்கொண்டு முறுக்கினால் பூட்டு ஊசியின் மேல் முழு விசையும் இறங்கி, புதிய கியரே மாட்டும்போது கெட்டுவிடும். நடுப் போல்ட்டைச் சுற்றியுள்ள சிறு போல்ட்டுகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள்; அவை கியரின் கூட்டை மூடியிருப்பவை. புதிய கியரைக் கையால் திருப்பிப் பார்த்து அது பூட்டிய நிலையில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, கேம்ஷாஃப்டில் உள்ள, கியரைச் சரியான கோணத்தில் நிறுத்தும் டவல் ஊசி (dowel pin) கியரின் துளையில் முழுவதுமாக அமர்ந்த பிறகே போல்ட்டை இறுக்குங்கள். ஊசி துளைக்கு வெளியே நின்றாலும் போல்ட் இறுகத்தான் செய்யும். அந்தத் தவறு எஞ்சின் ஓடும்போதுதான் தெரியவரும்.

எல்லாம் மாட்டியபின், ஸ்டார்ட்டரைத் தொடாமல், கிராங்க் போல்ட்டில் ராட்செட் போட்டு இரண்டு முழுச் சுற்று கையாலேயே சுற்றுங்கள். எங்காவது கடினமாக முட்டினால் உடனே நிறுத்துங்கள். அங்கே பிஸ்டன் வால்வைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

கேள்வி: அப்படிச் சுற்றிப் பார்த்தேன். ஸ்ப்ராக்கெட் எனும் பற்சக்கரங்களின் குறிகள் சரியாக வந்துவிட்டன. ஆனால் செயினின் நிறக் கண்ணிகள் வேறு எங்கோ நிற்கின்றன. தவறாக மாட்டிவிட்டேனா?

இல்லை, சரியாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். கிராங்க் ஸ்ப்ராக்கெட்டில் 18 பற்கள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சுற்றில் செயின் 36 கண்ணிகள் நகர்ந்திருக்கும். செயினில் அதைவிட மிக அதிகமான கண்ணிகள் இருப்பதால் நிறக் கண்ணிகள் பழைய இடத்துக்கு வர இன்னும் பல சுற்றுகள் ஆகும். அவை, மாட்டும் நேரத்தில் ஸ்ப்ராக்கெட் குறிகளோடு செயினைப் பொருத்திப் பார்க்க மட்டுமே உதவுபவை. இதைப் பார்த்துப் பயந்து சரியான டைமிங்கைக் கழற்றிக் கெடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கியர் மாற்றியபின் பி0011 போய், இப்போது பி0016 வருகிறது. வண்டியை ஓட்டலாமா?

ஓட்டாதீர்கள். கிராங்கின் நிலையும் கேமின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. வேலை முடிந்த உடனேயே இது வந்தால், செயின் ஒரு பல் தள்ளி விழுந்திருப்பதையோ டவல் ஊசி அமராமல் இருப்பதையோதான் முதலில் நினைக்க வேண்டும். வால்வ் கவரை மட்டும் கழற்றி, முதல் சிலிண்டரை மீண்டும் டிடிசிக்குக் கொண்டுவந்து, முன்பு எடுத்த படத்தோடு கேம் குறிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். குறிகள் துல்லியமாக நின்றால் மட்டும் கேம் சென்சாரின் கனெக்டரைப் பாருங்கள்; இந்த வேலையின்போது அந்த வயர் இழுபட்டுப் போவது அடிக்கடி நடக்கிறது.