எல்லாமே ‘பிழை’தானா?

கேள்வி: மாலை நேரத்தில் கல்லூரி மாணவர்களுக்குப் பைத்தான், ஜாவா ஆகிய நிரல் மொழிகளைச் சொல்லித் தருகிறேன். பக் (bug), எரர் (error), எக்செப்ஷன் (exception) எல்லாவற்றையும் குறிப்புகளில் ‘பிழை’ என்றே எழுதுவதால் மாணவர்கள் குழம்புகிறார்கள். எக்செப்ஷனுக்கு ‘விதிவிலக்கு’ என்ற அகராதிச் சொல் பொருந்துமா?
— வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் பக்கத்திலேயே உள்ள காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். கரைக்கு வந்த மீனின் மொத்த எடையை விசைப்படகுகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தினமும் சராசரி சொல்லும் ஒரு நிரலை மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு ஒன்றும் வராது, எண்ணிக்கை பூஜ்யமாகும், நிரல் பாதியில் நின்றுவிடும்.

இங்கே படகு வராதது பிழையே அன்று. அது எதிர்பார்க்க வேண்டிய நிலை. அதை எண்ணிப் பார்க்காமல் எழுதியதே தவறு. அந்தத் தவறை ‘வழு’ என்னுங்கள். பக் என்பதற்குத் தமிழ்க் கணினி வட்டாரத்தில் ஏற்கெனவே புழங்கும் சொல்தான். நிரல் ஓடும்போது, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று மொழி எழுப்பும் அறிவிப்பே எக்செப்ஷன். சராசரி கிடைக்காமல் போனது செயலிழப்பு. ஒரே சம்பவத்தில் இந்த மூன்று பெயர்களுக்கும் இடம் இருக்கிறது.

குழப்பத்தில் மொழிகளுக்கும் பங்குண்டு. இதே வகுத்தலுக்குப் பைத்தான் ‘ஜீரோடிவிஷன்எரர்’ என்கிறது, ஆனால் அது எக்செப்ஷன் வகையைச் சேர்ந்தது. ஜாவாவில் முழு எண்களை வகுத்தால் ‘அரித்மெடிக்எக்செப்ஷன்’ எழும். கோ (Go) என்ற நிரல் மொழியில் அதுவே ‘பேனிக்’. ஜாவாவிலோ ‘எரர்’ என்ற வகை, நினைவகம் தீர்ந்துபோவது போன்ற, சாதாரண நிரல் பிடிக்க முயலக் கூடாத பெரிய கோளாறுகளுக்கானது. ஆகவே சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் தேற மாட்டோம்.

‘விதிவிலக்கு’ என்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நம் காதில் அது வரிவிலக்கைப் போலச் சலுகையாகவே ஒலிக்கிறது. இலக்கணம் படித்தவர்களுக்கு ‘வழுவமைதி’ (ஒரு காரணம் கருதி ஏற்கப்படும் இலக்கணப் பிழை) நினைவுக்கு வரலாம். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் மகளை ‘வாடா ராஜா’ என்று தாய் கொஞ்சும்போது அந்தப் பால் வழுவை உவப்பின் காரணமாக ஏற்றுக்கொள்கிறோம். பூஜ்யத்தால் வகுத்ததை யாரும் அப்படி ஏற்பதில்லை. எனவே எக்செப்ஷனை எக்செப்ஷன் என்றே எழுதுங்கள். எறிதல் (throw), பிடித்தல் (catch), கையாளுதல் (handle) ஆகிய வினைகளைத் தமிழில் வையுங்கள்.

‘கையாளுதல்’ என்ற சொல்லில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். எக்செப்ஷனைப் பிடித்து, உள்ளே ‘பாஸ்’ (எதுவும் செய்யாத பைத்தான் கட்டளை) என்று மட்டும் எழுதிவிட்டு நகர்வதையும் மாணவர்கள் கையாளுதல் என்பார்கள். அதற்கு ‘விழுங்குதல்’ என்று பெயர் வைத்தால் வகுப்பில் சிரிப்பு வரும், மறக்கவும் மாட்டார்கள். நம் நிரலில் வகுப்பதற்கு முன்பே எண்ணிக்கையைச் சோதித்து, ‘பிழை ஏற்பட்டது’ என்று பயமுறுத்தாமல், ‘இன்று விசைப்படகு எதுவும் பதிவாகவில்லை, சராசரி இல்லை’ என்று திரையில் காட்டச் சொல்லுங்கள்.