கன்னு நக்குன பேட்டரி, புள்ளைங்க உடம்புல ஈயம்

கேள்வி: சார் வணக்கம். ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி டேம் கால்வாய் தண்ணியில ஒரு ஏக்கர் கீரையும் கொஞ்சம் தீவனப்புல்லும் வச்சிருக்கோம். பழைய டிராக்டர் பேட்டரிய தம்பி கொட்டாய்க்குப் பின்னாடி உடைச்சு, அதுல இருந்த ஈயத்தை அடுப்புல உருக்கி மீன் வலைக்கு குண்டு ஊத்தினான். போன வாரம் 4 மாச கன்னு கண்ணு தெரியாம செவுத்துல முட்டிகிட்டு பல்லை நறநறன்னு கடிச்சுகிட்டே ரெண்டு நாள்ல செத்துப்போச்சு, டாக்டர் ஈய விஷம்னு சொல்லிட்டாரு. கறவை மாடு ரெண்டு நல்லாத்தான் இருக்கு, பால் குடிக்கலாமா, சொசைட்டிக்கு ஊத்தலாமா? வீட்ல 3 வயசு, 7 வயசுல புள்ளைங்க இருக்கு. சொந்தக்காரர் ஒருத்தர் எல்லாம் டேம் நுரைத்தண்ணி பண்ற வேலைங்கிறாரு, கொத்தமல்லி பவுடரும் பாதத்துல ஒட்டுற பட்டியும் 4,500 ரூபாய்க்கு வாங்கினா உடம்புல இருக்குற உலோகம் எல்லாம் இறங்கிடும்னு சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: வணக்கம்ண்ணா. அந்த 4,500 ரூபாய அப்படியே வைங்க, புள்ளைங்க ரத்தப் பரிசோதனைக்கு வேணும்.

நுரைய அப்புறம் பேசுவோம், உங்க வீட்டு வில்லன் டேம்ல இல்ல, கொட்டாய்க்குப் பின்னாடி இருக்கு. பேட்டரி தகட்டுல ஒரு உப்பு ருசி இருக்கும், மாடு தேடிப்போய் நக்கும், கன்னுக்கு இன்னும் மோசம், ஏன்னா சின்ன வயித்துல ஈயம் பெரிய மாட்டை விட பல மடங்கு ஏறும். பெரிய மாடு நக்கியிருந்தா துண்டு வயித்து அறையிலயே உக்காந்துகிட்டு வாரக்கணக்கா கரைஞ்சுகிட்டே இருக்கும், அதனால "நல்லாத்தான் இருக்கு"ங்கிறத நான் ஒத்துக்க மாட்டேன். இன்னைக்கே கால்நடை உதவி எண் 1962க்கு போன் போட்டு ரெண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லுங்க. முடிவு வர்ற வரைக்கும் பால் வீட்டுக்கும் வேணாம், சொசைட்டிக்கும் வேணாம். பால்ல ஈயம் ஒரு கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல இருக்கக்கூடாது, காய்ச்சினா போகாது, தயிராக்கினாலும் போகாது. நஷ்டம்தான், தெரியுது, ஆனா அந்த கேன்ல உங்க பால் மட்டும் இல்ல, ஊரோட பாலும் கலக்குது. சாணத்துல ஈயம் நிறைய வெளிய வரும், அதை கீரை பாத்தியில போடாதீங்க. வைத்தியம் டாக்டர் பாத்துப்பாரு, பேதி உப்பு, ஈயத்தை பிடிச்சு வெளியேத்துற கால்சியம் இடிடிஏ மருந்து, வைட்டமின் பி1 ஊசின்னு வழி இருக்கு, நீங்களா எதுவும் ஊத்தாதீங்க.

இப்ப புள்ளைங்க. கன்னு நக்குனத விட எனக்கு பயமா இருக்குறது தம்பி உருக்குனதுதான். ஈயம் 327 டிகிரியில உருகிடும், விறகு அடுப்பே போதும், அதனாலதான் எல்லாரும் சுலபமா பண்றாங்க. மேல மிதக்குற கசடை தட்டி விடுறப்ப வர்ற தூசி இருக்கே, அது மண்ணுல, தம்பி லுங்கியில, செருப்புல ஒட்டிகிட்டு வீட்டுக்குள்ள வரும். 3 வயசுப் புள்ள மண்ணுல கை வச்சு வாயில வைக்கும், அவ்ளோதான் விஷயம். அதனால மொதல்ல இடத்தை சுத்தம் பண்ணுங்க. காய்ஞ்ச மண்ணை கூட்டாதீங்க, தண்ணி தெளிச்சு, மூக்கை மூடிகிட்டு மேல் மண்ணை ரெண்டு மூணு அங்குலம் சுரண்டி சாக்குல கட்டுங்க, அதை ஏரியிலயோ கால்வாய்லயோ கொட்டாம மாசுக்கட்டுப்பாட்டு ஆபீஸ்ல கேட்டு செய்யுங்க. பேட்டரி மிச்சம் இருந்தா கடைக்காரர்கிட்ட குடுங்க, 2022 விதிப்படி பழசை திரும்ப வாங்குறது கம்பெனிக்காரங்க பொறுப்பு. அந்த அடுப்புல இனி வெந்நி கூட வைக்காதீங்க. வீட்ல ஈரத்துணி வச்சு துடைங்க, தம்பி துணிய தனியா துவைங்க, தம்பிக்கும் ரத்தம் பாருங்க. வீட்ல யாராவது மாசமா இருந்தா அவங்களுக்கும் சேத்து.

பரிசோதனை நரம்புல எடுக்குற ரத்தத்துலதான், முடியை வெட்டி அனுப்புற டெஸ்ட் வேணாம். ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் வந்தா எங்கிருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அமெரிக்காவுல 3.5க்கே உஷாராகுறாங்க. 45க்கு மேல போனாத்தான் பெரும்பாலும் ஈயத்தை பிடிச்சு சிறுநீர்ல இறக்குற மருந்து, அதுவும் ஆஸ்பத்திரி டாக்டர் கையால. விளையாட்டில்லைங்க, பேருல கால்சியம் இல்லாத இடிடிஏ ஊசிய மாத்திப் போட்டு ரத்தத்துல கால்சியம் சரிஞ்சு 2005ல அமெரிக்காவுல குழந்தை செத்திருக்கு.

கொத்தமல்லி நல்ல சாமான்தான், ரசத்துல போடுங்க, ஆனா மனுஷன் உடம்புல ஈயத்தை இறக்கும்னு நிரூபணம் இல்ல. பாதப் பட்டி கருப்பாகுறது வியர்வை ஈரம் பட்டு உள்ள இருக்குற பொடி நிறம் மாறுறது, வெறும் தண்ணிய தெளிச்சுப் பாருங்க, அதுக்கும் கருப்பாகும்.

உண்மையில உடம்புலருந்து இறக்குறது சிறுநீரகமும் காலமும்தான். புதுசா உள்ள போறது நின்னுச்சுன்னா பெரியவங்க ரத்தத்துல இருக்குறது ஒரு மாசம் போல ஆனா பாதியாகும், எலும்புல போய் உக்காந்தது பல வருஷம் கிடக்கும், அது கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துக்கே திரும்ப வரும். உள்ள போறத குறைக்க ஒரு வழி இருக்கு, வெறும் வயித்துல இருக்குற புள்ளைக்கும், இரும்புச்சத்து கால்சியம் பத்தாத புள்ளைக்கும் ஈயம் அதிகமா ஏறும். நம்ம பக்கம் களி திங்குறவங்க, 100 கிராம் கேழ்வரகுல 340 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, ஸ்கூலுக்கு போறதுக்கு முன்னாடி களியோ கூழோ ஒரு நெல்லிக்காயோ குடுத்து அனுப்புங்க. ரத்தசோகை இருக்கான்னும் சேத்து பாத்துருங்க. (ஈயச்சொம்பு ரசத்தை நிறுத்தணுமான்னு அடுத்து கேப்பீங்க. அது வெள்ளீயம், வேற உலோகம், ஆனா நாம பேசுற இந்த விஷ ஈயத்தை, அதாவது காரீயத்தை, கலந்து பூசுற ஆளும் இருக்கான், தெரிஞ்சவங்ககிட்ட வாங்குங்க.)

நுரைக்கு வருவோம். அந்த வெள்ளை நுரை பெங்களூரு கழிவுல வர்ற சோப்புத்தனம், கண்ணுக்கு பயங்கரமா தெரியுது. உலோகம் நுரையில தெரியாது, அடி வண்டல்ல படியும். அதனால டேம் வண்டல் மண்ணை சும்மா கிடைக்குதுன்னு டிராக்டர்ல ஏத்திட்டு வந்து கீரை வயல்ல போடாதீங்க, சோதிச்சுட்டு போடுங்க. கீரை வகைங்க காட்மியம்ங்கிற இன்னொரு விஷ உலோகத்தை நல்லா உறிஞ்சும், மண்ணு புளிச்சுப் போனா இன்னும் அதிகம், மண்ணோட புளிப்பைக் காட்டுற பி.எச். அளவு 6.5க்கு கீழ இருந்தா சுண்ணாம்பு போடணும், துத்தநாகச் சத்து குறையாம பாத்துக்கணும், ஒரே வயல்ல வருஷம் பூரா சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போடுறதும் வேணாம், அதுலயும் கொஞ்சம் காட்மியம் இருக்கு. பி.எச்., துத்தநாகம் பாக்க பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல மண்ணைக் குடுங்க, உலோகம் பாக்கணும்னா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக லேபுக்கு எப்படி அனுப்புறதுன்னு அங்கயே கேளுங்க. கீரைய மூணு தண்ணியில அலசிட்டு வித்தா மேல ஒட்டுன மண்ணு போகும், வேர் வழியா ஏறுனது போகாது. சந்தேகம் இருக்குற பாத்தியில அடுத்த போகம் கீரைய விட்டுட்டு ரோஜாவோ சாமந்தியோ வைங்க, ஓசூருக்கு அதுவும் காசுதான்.

தம்பி பீடி பிடிப்பாரா? அதுலயும் காட்மியம் இருக்கு, ரத்த ரிப்போர்ட் வாங்குறப்ப டாக்டர்கிட்ட அதையும் சொல்லிடுங்க.