கழுத்தைச் சுற்றிக் கொழுப்புக் கட்டிகள்: டாக்டர் பதில்கள்

கேள்வி: என் அண்ணனுக்கு 46 வயது. மூன்று வருஷமாகக் காதுக்குக் கீழே இருபுறமும், பிடரியிலும் மெத்தென்று வீங்கிக்கொண்டே போகிறது. வலி இல்லை. காலர் பட்டன் போட முடியவில்லை. தினமும் குடிப்பவர். டாக்டர் 'மேடலுங் நோய்' என்கிறார். இது புற்றுநோயா? உடம்பைக் குறைத்தால் வற்றுமா? ஆபரேஷன் செய்தே ஆகவேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: மேடலுங் நோய் புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ மேடலுங் 1888-ல் 33 நோயாளிகளைப் பற்றி எழுதியதால் இந்தப் பெயர். பல வருடம் குடித்த, 30 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே அதிகம் வருகிறது. அபூர்வமாக, மரபணுக் கோளாறால் குடிக்காதவர்களுக்கும் வரும்.

சாதாரணக் கொழுப்புக் கட்டிக்கு மெல்லிய உறை உண்டு. கீறினால் முழுசாக வெளியே வந்துவிடும். இதற்கு உறையே கிடையாது. தசை, ரத்தக்குழாய், நரம்பு இவற்றின் இடுக்குகளில் புகுந்து பரவும். பட்டினி கிடந்தால் கை கால்தான் மெலியும், கழுத்து அப்படியே இருக்கும்.

முதல் வைத்தியம் குடியை விடுவதுதான். வந்த கட்டி வற்றுவது அரிது. வளர்ச்சி மட்டுப்படும், எடுத்த இடத்தில் மறுபடி வருவதும் குறையும். ஆனால் அவராகவே சட்டென்று நிறுத்த விடாதீர்கள். தினமும் குடித்தவருக்கு முதல் இரண்டு நாளிலேயே வலிப்பு வரலாம். பிறகு மனக்குழப்பமும் வரக்கூடும். டாக்டர் மேற்பார்வையில், தயமின் (வைட்டமின் பி1) கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

கல்லீரல், சர்க்கரை, யூரிக் அமிலம், தைராய்டு பரிசோதனைகள் தேவை. பாதம் மரத்துப்போகிறதா என்று கேளுங்கள். இந்த நோயில் நரம்பும் பாதிக்கப்படும். ஸ்டீராய்டு மாத்திரையாலும் பிடரியில் கொழுப்பு சேரும் என்பதால், சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக, வேகமாக வளர்ந்தால் சதைப் பரிசோதனை அவசியம்.

படுத்தால் மூச்சு முட்டுவது, விழுங்கச் சிரமம், கழுத்தைத் திருப்ப முடியாமை - இவை இருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. தோற்றத்துக்காகச் செய்துகொள்வதிலும் தவறில்லை. கொழுப்பைக் குழாயால் உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷனில் தழும்பு சிறிது, ஆனால் ஆழத்தில் உள்ளது மிச்சமாகும். திறந்து வெட்டினால் நிறைய எடுக்கலாம். ரத்தக்கட்டு, நீர் கோத்தல், நரம்புக் காயம் நேரும் அபாயம் கூடுதல். ஒரே தடவையில் முழுக்க எடுப்பதாக யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள்.

எந்த முறையானாலும் முன்கூட்டியே சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து மயக்க மருந்து டாக்டரிடமும் காட்டச் சொல்லுங்கள். இப்படிப்பட்ட கழுத்தில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் செருகுவது கடினம். நோயாளி விழித்திருக்கும்போதே கேமரா வழியாகச் செருகும் வசதி அந்த மருத்துவமனையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள்.