கொலுவுக்குப் பழைய எஸ்எம்பிஎஸ்

கேள்வி: மகன் பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டான். அதிலிருந்த எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) நல்ல நிலையில்தான் இருக்கிறது. அதை வைத்துக் கொலுவுக்கு இரண்டு ரோல் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப் எரியவிடலாமா? லேபிளில் 450 வாட் என்றும், +12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்றும் போட்டிருக்கிறது.
- வாசகி, செம்பூர்

பதில்: தாராளமாக எரியவிடலாம், அம்மா. ஆனால் அந்த 450ஐ மறந்துவிடுங்கள். அது கொட்டை எழுத்தில் போட்டு விற்பதற்கான எண். உங்களுக்கு வேண்டியது அந்த 14 மட்டும்தான். 12ஆல் பெருக்கினால் 168 வாட். மலிவு விலை எஸ்எம்பிஎஸ் என்றால் அதிலும் பாதிக்கு மேல் நான் சுமை ஏற்ற மாட்டேன்.

மீட்டருக்கு 60 பல்பு இருக்கும் 5050 வகை (பெரிய பல்பு) ஸ்ட்ரிப், 5 மீட்டர் ரோல் ஒன்றுக்கே சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். இரண்டு ரோல் போட்டால் 12. அது வேண்டாம். 3528 என்று கேட்டு, சின்ன பல்பு ஸ்ட்ரிப் வாங்குங்கள். இரண்டு ரோலும் சேர்ந்து 4 ஆம்பியர்தான் வரும். கொலுவுக்கு அந்த வெளிச்சம் போதும். 5050 போட்டால் மரப்பாச்சியை ஆபரேஷன் தியேட்டரில் படுக்க வைத்த மாதிரி இருக்கும்.

பிளக்கைச் செருகுமுன் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். பழைய மாடல் சிலவற்றில் 115/230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். அது 230இல் இருக்க வேண்டும். 115இல் வைத்து நம் ஊர் கரன்ட்டைக் கொடுத்தால் படாரென்று வெடிக்கும், அதோடு அதன் கதை முடிந்தது.

கரன்ட் கொடுத்ததும் ஃபேன் சுற்றாது. கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள், கம்ப்யூட்டரின் மதர்போர்டு (முக்கிய சர்க்யூட் பலகை) சொன்னால்தான் அது கிளம்பும். அந்த வேலையை நாம் செய்ய வேண்டும். பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பையும் ஒரு சின்ன ஸ்விட்ச் வழியாகச் சேர்த்தால் எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். கனெக்டரை வெட்டி எறிய வேண்டாம். அதில் ஆரஞ்சு ஒயரோடு ஒரே முள்ளில் இன்னொரு மெல்லிய ஒயர் சேர்ந்திருக்கும், அது அறுந்தால் சில மாடல்கள் கிளம்பவே கிளம்பாது.

ஸ்ட்ரிப்புக்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் நாலு முள் கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5, நடுவில் இருக்கும் இரண்டு கறுப்பும் நெகட்டிவ். மஞ்சளில் காருக்குப் போடுகிற 5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். எங்காவது ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் தானே நின்றுவிடும் என்பார்கள், அதை நம்ப வேண்டாம். ஸ்ட்ரிப்பின் மெல்லிய ஒயர் சிவக்கச் சுடுகிற அளவு கரன்ட் ஓடினாலும், அதை வழக்கமான சுமை என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். பட்டுத்துணி விரித்த படியில் அது நடக்கக் கூடாது. ஒவ்வொரு ரோலுக்கும் தனித்தனி ஒயர் கொடுங்கள். ஒன்றின் வாலில் இன்னொன்றைச் சேர்த்தால் கடைசிப் படி மங்கிவிடும்.

12 வோல்ட் மட்டும் சுமை ஏறி 5 வோல்ட் சும்மா இருந்தால், பழைய டிசைன்களில் 12 இறங்கிவிடும். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்று போட்டால் 5 வோல்ட்டுக்கும் கொஞ்சம் சுமை கிடைத்துச் சரியாகிவிடும். அது சுடும், துணி படாமல் ஃபேன் காற்றில் வையுங்கள்.

மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் அடாப்டர் வேண்டவே வேண்டாம். எர்த் இல்லாவிட்டால் இந்தத் தகரப் பெட்டியைத் தொட்டாலே சுரீரென்று இருக்கும். பெட்டியைத் திறக்கவும் வேண்டாம். உள்ளே கெப்பாசிட்டரில் 320 வோல்ட் வரை நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சற்று நேரம் இருக்கும். தூசியை வெளியிலிருந்தே ஊதிவிடுங்கள்.

கேள்வி: இதே எஸ்எம்பிஎஸ்ஸில் என் பைக் பேட்டரியைச் சார்ஜ் செய்யலாமா?
- வாசகர், தாராவி

பதில்: கூடாது. நிறைந்த பேட்டரியே சும்மா இருக்கும்போது 12.7 வோல்ட் காட்டும், அதை நிரப்ப 14 வோல்ட்டை ஒட்டி வேண்டும். 12 வோல்ட்டால் என்ன செய்ய முடியும்? பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் இன்னும் மோசம், கரன்ட்டுக்குக் கட்டுப்பாடே இருக்காது. சார்ஜர் வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கலாமா? சின்ன மோட்டார் ஒன்று ஓட்ட வேண்டும்.
- மாணவர், முலுண்ட்

பதில்: முடியாது, தம்பி. இரண்டின் கறுப்பு ஒயரும் பெட்டியோடும் எர்த்தோடும் சேர்ந்தவை. ஒன்றின் மஞ்சளை மற்றதன் கறுப்போடு சேர்த்தால் எர்த் வழியாக நேராக ஷார்ட். எர்த்தை வெட்டிவிட்டு இணைக்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்காதே. நீல ஒயரில் மைனஸ் 12 இருக்கிறதே, மஞ்சளோடு சேர்த்தால் 24 ஆயிற்றே என்று அடுத்துக் கேட்பாய். அது பெரும்பாலும் அரை ஆம்பியருக்கு மேல் தராது, மோட்டார் அசையாது. கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மும்பையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான லேமிங்டன் ரோடுக்கு நட. மோட்டார் லேபிளில் எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொண்டு போய், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தரும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் கேள்.