கரப்பான் உள்ள குழந்தைக்கு நிலக்கடலை கொடுப்பதைத் தள்ளிப்போடுவது நல்லதா?

ஐந்து மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கடுமையான கரப்பான் இருக்கிறது, மூன்று வயது வரை நிலக்கடலையைக் கண்ணிலேயே காட்டக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியல்ல, ஆனாலும் உங்கள் குழந்தைக்கு ஒவ்வாமை மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்க வேண்டும். நான் மருத்துவர் அல்லன். கரப்பானும் முட்டை ஒவ்வாமையும் உள்ள ஒரு மகனின் தந்தை.

பெரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை நிலக்கடலை வேண்டாம் என்று 2000இல் அறிவுறுத்தியது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்தான். போதிய சான்று இல்லை என்று 2008இல் அது அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. அதே ஆண்டில், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழுவினர் பிரிட்டனிலும் இஸ்ரேலிலும் வளரும் யூதக் குழந்தைகளை ஒப்பிட்டனர். நிலக்கடலை ஒவ்வாமை பிரிட்டனில் 1.85 சதவீதமாகவும் இஸ்ரேலில் 0.17 சதவீதமாகவும் இருந்தது. இஸ்ரேலில் 'பம்பா' என்ற, நிலக்கடலை சேர்த்துச் செய்த பொரியைக் குழந்தைகள் ஒரு வயதுக்கு முன்பே தின்னத் தொடங்கிவிடுகிறார்கள்.

அதுதான் காரணமா என்று சோதிக்க, கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளை அதே குழு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரந்தோறும் குறைந்தது 6 கிராம் கடலைப் புரதம் கொடுத்து, மறு பாதியை ஐந்து வயது வரை கடலையே தொடாமல் வளர்க்கச் செய்தது. 2015இல் வெளியான முடிவின்படி, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கும் உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கும் ஒவ்வாமை வந்திருந்தது. 'லீப்' எனப்படும் இந்த ஆய்வின் குழந்தைகளைப் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிறகு மீண்டும் சோதித்தபோதும், இடையில் அவரவர் விருப்பப்படி உண்டிருந்தும், அந்தப் பாதுகாப்பு பெருமளவு நிலைத்திருந்தது.

கரப்பானால் வெடித்த தோல் வழியாக, வீட்டுத் தூசியில் கலந்திருக்கும் கடலைப் புரதம் உள்ளே போகும்போது உடல் அதைப் பகையாகப் பழகிக்கொள்கிறது என்றும், வயிற்றின் வழியே முதலில் போனால் உணவாக ஏற்றுக்கொள்கிறது என்றும் இதற்கு விளக்கம் தருகிறார்கள். எனவே கரப்பானுக்குச் சரியாக மருந்து பூசுவதும் முக்கியம்.

மருத்துவர் பெரும்பாலும் தோல் குத்துச் சோதனை செய்வார். என் மகனின் முதுகில் உணவுச் சாறுகளைச் சில துளிகளாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் லேசாகக் குத்தி, பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்தார்கள். ஒரு துளி மட்டும் ஹிஸ்டமின், அதாவது ஒவ்வாமையின்போது உடலே வெளியிடும், தடிப்பை எழுப்பும் பொருள்; சோதனை ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு. கடலைக்குத் தடிப்பு எழாததால் வீட்டிலேயே தொடங்கச் சொன்னார்கள். இரண்டு தேக்கரண்டி கடலை வெண்ணெயை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, கரண்டி நுனியளவு கொடுத்து, பத்து நிமிடம் பார்த்து, பிறகு மீதியை மெல்ல ஊட்டி, இரண்டு மணி நேரம் உடனிருந்தோம். முழுக் கடலை புரையேறும். ஐந்து வயது வரை அது வேண்டாம். ஒருமுறை ருசி காட்டிவிட்டு நிறுத்திவிடவும் கூடாது. வாரந்தோறும் தொடர வேண்டும்.

பல பத்து உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று விற்கப்படும் தொகுப்புகள் எனக்கு உடன்பாடில்லாதவை. அவை தேடுவது, ஓர் உணவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதத்தை; அது ரத்தத்தில் இருப்பதாலேயே ஒவ்வாமை இருப்பதாகாது. அந்தத் தாளைப் பார்த்துப் பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் குழந்தையின் வளர்ச்சிதான் குன்றும்; அதுவரை செரித்துவந்த உணவே பிறகு ஒவ்வாமல் போகவும் கூடும்.

கடைசியாக, உண்டபின் மூச்சிரைப்பு, குரல் கம்மல், துவண்டுபோதல் தெரிந்தால் அரிப்பு மாத்திரையோ சிரப்போ கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசியே முதல் மருந்து. ஊசி கையில் இருந்தால் உடனே போட்டுவிட்டு, இல்லாவிட்டால் நொடியும் தாமதிக்காமல், ஆம்புலன்ஸை அழையுங்கள். ஊசிக்குப் பின் குழந்தை தேறிவிட்டாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் வைக்க வேண்டும். முதல் தாக்குதல் அடங்கிய பின் இரண்டாவது ஒன்று வருவது உண்டு.