சிப்பாய் "வேண்டாம்" என்று சொல்ல முடியுமா?

மருந்தியல் மாணவி: 1991 வளைகுடாப் போரில் அமெரிக்கப் படையினருக்கு ஏதோ மாத்திரை கொடுத்தார்களாமே, அது என்ன?

பைரிடோஸ்டிக்மைன். மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய்க்கு வெகுகாலமாகக் கொடுத்துவரும் மாத்திரைதான். சோமன் என்ற நரம்பு நச்சு, நம் நரம்புகளுக்குத் தேவையான ஒரு நொதியைப் பிடித்துக்கொண்டால் சில நிமிடங்களில் பிடி இறுகிவிடும். அப்புறம் மாற்று மருந்தாலும் மீட்க முடியாது. பைரிடோஸ்டிக்மைன் அந்த நொதியில் ஒரு பங்கை முன்கூட்டியே பிடித்து வைக்கிறது. சோமன் அதைத் தொட முடியாது. பிறகு அந்தப் பங்கு மெல்ல விடுபட்டு வேலைக்குத் திரும்பும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மில்லிகிராம். இது மட்டும் காப்பாற்றாது, தாக்குதலுக்குப் பின் அட்ரோபின் போன்ற மாற்று மருந்து ஊசியும் போட்டாக வேண்டும்.

முன்னாள் ராணுவ வீரர்: தெரிந்த மருந்துதானே, என்ன சிக்கல்?

தசை நோய்க்கு அனுமதி இருந்தது, நரம்பு நச்சுக்கு இல்லை. அப்படியானால் ஒவ்வொருவரிடமும் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் 1990 டிசம்பரில் அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. விதியை மாற்றி, போர்க்களத்தில் ஒப்புதல் வாங்க முடியாது என்று ராணுவம் கேட்டால் விலக்குத் தரலாம் என்றது. சுமார் 2,50,000 பேர் விழுங்கினார்கள். இந்த விலக்கை எதிர்த்துப் போட்ட வழக்கும் தோற்றது.

ராணுவத்தின் பயம் பொய்யில்லை, அதற்கு முன் ஈரானுடன் நடந்த போரில் எதிரியான ஈராக் நரம்பு நச்சு வீசியிருந்தது. ஆனாலும் என் மனம் இதை ஏற்கவில்லை. நோயாளி பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், சிப்பாய் போக முடியாது. அதனாலேயே அவருக்குக் கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். யார் எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்ற பதிவைக்கூட ஒழுங்காக வைக்கவில்லை.

செவிலியர்: போருக்குப் பிறகு அந்த வீரர்களுக்கு வந்த களைப்பு, வலி, மறதிக்கு இதுதான் காரணமா?

2008-ல் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு இந்த மாத்திரையையும் பூச்சிக்கொல்லிகளையும் காரணமாகச் சொன்னது. மற்றக் குழுக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பதிவு இருந்திருந்தால் சண்டை பாதி தீர்ந்திருக்கும்.

சட்ட மாணவர்: இப்போது?

1998 சட்டப்படி ஒப்புதலுக்கு விலக்குத் தரும் அதிகாரம் ஜனாதிபதிக்கு மட்டுமே. சோமனுக்கான அனுமதி 2003-ல் கிடைத்தது, விலங்குச் சோதனையை வைத்து. மனிதருக்கு நச்சுக் கொடுத்துப் பார்க்க முடியாதே.

அதே மாணவர்: கையெழுத்து வாங்கிவிட்டால் சரியா?

அமெரிக்க விமானிகளுக்குத் தூக்கம் வராமலிருக்க டெக்ஸ்ட்ரோஆம்பெட்டமைன் கொடுத்தபோது கையெழுத்து வாங்கினார்கள். சாப்பிடாவிட்டால் பறக்கத் தகுதியில்லை என்று தளபதி முடிவெடுக்கலாம் என்பதும் அதே படிவத்தில் இருந்தது.