கொழும்பில் பெரிய கிளிக் குஞ்சு வாங்கி வளர்க்கலாமா?

"தலைக்கு மேலே இத்தனை கிளி பறக்குதே, ஒரு குஞ்சை வாங்கி வளர்த்தால் என்ன குறைஞ்சு போகும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள்.

நீங்கள் பின்னேரங்களில் காண்பதில் பெரும்பாலானவை சாதாரணப் பச்சைக்கிளி. விலைபேசும் குஞ்சு வேறு இனம்: பெரிய கிளி, சிங்களத்தில் லபு கிரவா. வாலோடு சேர்த்தால் கிட்டத்தட்ட 2 அடி. தோளில் கருஞ்சிவப்புத் திட்டு இருக்கும், சின்னதுக்கு அது கிடையாது. சத்தமும் கீச்சென்று இராது, அடித்தொண்டையிலிருந்து கரகரவென்று வரும். நாங்கள் கல்லால் குத்தியும் லேசில் உடையாத கொட்டங்காயை அது ஒரு காலில் பிடித்துக்கொண்டே சொண்டால் பிளந்து பருப்பைத் தின்னும். உலகளவில் இதை 'அச்சுறு நிலையை அண்மித்த' இனமாக வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இதன் பாடே பொந்தில்தான். அந்த உடம்புக்குப் போதுமான பொந்து கிழட்டு மரத்தில் கிடைக்கும், இல்லாவிட்டால் பட்ட தென்னையில். கொழும்பில் எந்த வளவில் பட்ட தென்னையை விட்டுவைக்கிறோம்? கூரையில் விழும் என்ற பயம், அதைப் பிழையென்றும் சொல்ல முடியாது. கிடைத்த பொந்தில் 2 முதல் 4 முட்டை, மூன்றரை வாரம் அடை, பிறகு குஞ்சு பறக்க ஒன்றரை மாதத்துக்கு மேல். அவ்வளவு நாளும் குஞ்சு அந்த இடத்தை விட்டு அசையாது. பிடிப்பவனுக்கு அது போதும். கை எட்டாவிட்டால் மரத்தைக் கொத்தித் திறப்பான், சிலவேளை மரத்தையே சாய்ப்பான். அந்த வருடக் குஞ்சோடு அடுத்த வருடப் பொந்தும் போய்விடும்.

"பாவம், வாங்கிப் பறக்க விடலாம்" என்பதும் உதவாது. விற்றவன் அந்தக் காசோடு அடுத்த மரத்துக்குப் போவான். கையால் ஊட்டி வளர்ந்த குஞ்சு வெளியே தப்புவதும் கஷ்டம். அத்தோடு, பிடிப்பதும் விற்பதும் இங்கே சட்டப்படி குற்றம். வேடிக்கை என்னவென்றால், கூண்டிலிருந்து தப்பிய இதே இனம் ஜெர்மனி, நெதர்லாந்துப் பூங்காக்களில் பெருகியிருக்கிறது, சொந்த மண்ணான தெற்காசியாவில் பல இடங்களில் குறைந்துவருகிறது.

கிளி ஆசை விடாது என்றால் ஒன்று செய்யலாம். வளவில் தென்னை பட்டால் அடியோடு தறிக்காமல், விழுந்தாலும் வீட்டை எட்டாத உயரத்தில் தண்டை விட்டுவையுங்கள். முதலில் மரங்கொத்திதான் வரும். அது குடைந்துவிட்டுப் போன ஓட்டையைத்தான் கிளி அகலமாக்கிக் குடிபோகும்.